ஜெயக்கொடி கடையைப் பார்க்கும் ஒருவன்

“சாமி, அவ கடையை ஒருத்தன் விடாமப் பாக்கான்.”

தேரி மணல்மேட்டில் மூச்சிரைக்க ஏறிவந்த பொன்னுலிங்கம், கும்பிடுகூடப் போடாமல் சொன்னது இதுதான்.

டவர் சாமி கண்ணைத் திறக்கவில்லை.

சாமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதுதான் இருக்கும். செல்போன் டவரில் நட்டு முடுக்க வந்தவர். ஏறியவர் மூன்று நாள் இறங்கவில்லை. இறங்கும்போது சாமியாராகிவிட்டிருந்தார். டவரடியிலேயே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

அங்கே சிக்னல் அவ்வளவு அடர்த்தி. காலித் தீப்பெட்டியைக் காதில் வைத்தால்கூடப் பம்பாயிலிருந்து ஒருவன் ‘அலோ’ என்பான். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

டவர் வந்த கையோடு, கீழே ஊரில் இரண்டு பேர் ஆன்லைனில் கருப்பட்டிக் கடை போட்டார்கள். ஒருவர் பொன்னுலிங்கம். இன்னொருத்தி அடுத்த தெரு ஜெயக்கொடி. ஒரே பனங்காடு, ஒரே பதநீர், ஒரே ஆப்.

அந்த ஆப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கடைக்கும் அடியில் ‘இப்போது பார்ப்பவர்கள்’ என்று ஓர் எண் நிற்கும். கடைக்குச் சொந்தக்காரர் பார்த்தால் மட்டும் சேராது.

பொன்னுலிங்கம் தன் கடையைத் திறந்தால் பூஜ்யம்.

ஜெயக்கொடி கடையைத் திறந்தால் ஒன்று.

“எப்போ பாத்தாலுமா?” என்றார் சாமி.

“எப்போ பாத்தாலும். பல் தேய்க்கையில பாத்தேன், ஒண்ணு. சோத்துக்கு முன்னால பாத்தேன், ஒண்ணு. என் மச்சான் மக கல்யாணத்துல தாலி கட்டும்போது பாத்தேன், அப்பவும் ஒண்ணு. அந்தப் பய தாலி கட்டுறதைக்கூடப் பாக்காம அவ கடையைப் பாத்துக்கிட்டு இருக்கான் சாமி.”

சாமி ஒரு கண்ணைத் திறந்தார்.

“வேலைவெட்டி இல்லாதவனா இருப்பான் அண்ணாச்சி.”

“வேலைவெட்டி இல்லாதவன் என் கடையைப் பாக்கக் கூடாதா?”

பிறகு கொட்டித் தீர்த்தார். அவள் ஓலைப்பெட்டியில் வைத்துப் படம் எடுக்கிறாளாம். இவரும் ஓலைப்பெட்டி வாங்கினாராம், அன்றைக்கே அவள் மண்சட்டிக்கு மாறிவிட்டாளாம். கூரியர்க்காரன் வண்டி அவள் வாசலில் நின்றால் இவருக்கு இங்கே வயிறு எரிகிறதாம். சொந்தக் கருப்பட்டியே இப்போது வாயில் கசக்கிறதாம். ஊரில் ஒரு கடைதான் இருக்க வேண்டும்; ஒன்று அவள் மூட வேண்டும், இல்லையென்றால் இவர் மூடிவிட்டுப் போக வேண்டும்.

“அது யாருன்னு மட்டும் சொல்லுங்க சாமி. கையைக் காலைப் பிடிச்சாவது என் கடைக்கு இழுத்துருவேன்.”

சாமி கையை நீட்டினார். விபூதி தரப்போகிறார் என்று பொன்னுலிங்கம் இரண்டு கையையும் ஏந்தினார்.

சாமி அவருடைய சட்டைப்பையிலிருந்த போனை எடுத்தார். சாக்குக்கு அடியில் வைத்தார். அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“ஏழு நாள் கழிச்சு வாங்க.”

முதல் நாள் பொன்னுலிங்கத்தின் கட்டைவிரல் தானாக ஆடியது. மூன்றாம் நாள் தட்டிலிருந்த தோசையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் வீட்டம்மாளே சொன்னாள். ஐந்தாம் நாள், வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், உட்கார்ந்து பதநீர் காய்ச்சினார்.

எட்டாம் நாள் காலை செருப்புப் போடாமலே மேட்டில் ஏறினார்.

சாமிக்கு முன்னால் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் போன்.

“வாங்க அண்ணாச்சி,” என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “கடையை மூடப் போறேன். சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மூடலாம்னு வந்தேன்.”

பொன்னுலிங்கத்துக்குள் ஒரு பானைப் பதநீர் பொங்கியது. முகத்தை மட்டும் வாட்டமாக வைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்டார்.

அவள் சொன்னாள். வாரத்துக்கு மூன்று பார்சல் போனால் அதிகம். அதில் ஒன்று கோயமுத்தூர்ச் சித்திக்குப் போவது. வியாபாரத்தை நம்பி அவள் கடை நடத்தவில்லை. ஒரே ஓர் ஆளை நம்பித்தான் நடத்தினாள்.

யாரென்று தெரியாது. ஒரு வட்டுக் கருப்பட்டிகூட வாங்கியதில்லை. ஆனால் விடிந்தால் வந்து பார்ப்பார், அடுப்புச் சூட்டில் அவள் சோர்ந்து உட்காரும்போது பார்ப்பார். ஏதோ தூர தேசத்தில் கையில் காசில்லாமல் இருக்கிற மனிதர் என்று நினைத்திருந்தாள். அவருக்காகத்தான் ஓலைப்பெட்டி, அவருக்காகத்தான் மண்சட்டி. கட்டிய புருஷன்கூட அவளை அப்படித் திரும்பத் திரும்பப் பார்த்ததில்லை.

“ஏழு நாளா ஆளைக் காணோம் அண்ணாச்சி. செத்துக்கித்துப் போயிட்டாரோ என்னவோ. இனி யாருக்குக் காய்ச்ச?”

பொன்னுலிங்கம் ஏழு நாளையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

சாமி லேசாக எழுந்து, சாக்குக்கு அடியிலிருந்த போனை எடுத்து அவரிடம் நீட்டினார். ஏழு நாளாகியும் அதில் சார்ஜ் குறைந்திருக்கவில்லை. இடம் அப்படி.

பொன்னுலிங்கம் தன் கடையைத் திறந்தார்.

பூஜ்யம்.

ஜெயக்கொடி தன் போனில் கடையை மூடுகிற பக்கத்துக்கு வந்திருந்தாள். ‘நிச்சயமாக மூடவா?’ என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. பொன்னுலிங்கம் இன்னும் ஒரு நிமிடம் சும்மா நின்றிருந்தால் போதும். ஊரில் ஒரே கடை அவருடையது.

அது அவருக்கும் தெரிந்தது.

சாமி டவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுலிங்கத்தின் கட்டைவிரல் நகர்ந்தது.

கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெயக்கொடி தன் கடைப் பக்கத்துக்குத் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“சாமி, வந்துட்டாரு.”

அவள் போனை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். மணலைத் தட்டினாள். அடுப்பு பற்றவைக்க நேரமாகிவிட்டது என்றாள். இரண்டடி இறங்கியவள் திரும்பினாள்.

“உங்க கடைக்கு இப்படி ஒருத்தர் உண்டுமா அண்ணாச்சி?”

பொன்னுலிங்கம் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இல்லம்மா,” என்றார். “நீ குடுத்து வச்சவ.”