பரணில் இருந்த பெட்டிகள்

குஜராத்தில் ஒரு மில் நகரத்தில் ஆவுடைநாயகம் என்று ஒருவர் இருந்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "அம்பாசமுத்திரம்" என்பார். அம்பாசமுத்திரத்தில் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. அதன் சாவி மட்டும் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

கல்யாணமான கையோடு வேலைக்கென்று ரயிலேறி வந்தவர். நெசவு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஃபோர்மேனாகி, ஓய்வும் பெற்றாகிவிட்டது. தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது. ஆனாலும் மனுஷர் வந்து இறங்கிய அன்று சொன்னதையே இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன மாநிலம்வே இது! பருப்புல வெல்லத்தப் போடுதான். வெயிலடிச்சா மண்டை பொளக்கு. குளிரடிச்சா எலும்பு ஆடுது. இங்கெல்லாம் மனுசன் இருப்பானா?"

கேட்கிறவர்களுக்குச் சலித்துப் போனது. அவர் மனைவி பிரம்மசக்திக்குச் சலிப்பெல்லாம் தீர்ந்து சிரிப்பே வந்துவிட்டது. அந்த வெல்லப் பருப்பை அவள் பக்கத்து வீட்டு ஜசோதாபென்னிடம் கற்றுக்கொண்டு வந்து அவர் தட்டில் ஊற்றுவாள். அவரும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். கை கழுவும்போதுதான் திட்டுவார்.

இதுவரைக்கும் வாய்ப்பேச்சாக இருந்தது இந்த மார்கழியில் வம்பாகிவிட்டது. மகள் கோமதி உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளை ஹிதேஷ் அந்த ஊர்ப் பையன், தங்கமானவன். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்து தலைப்பிரசவம் பார்ப்பது நம் வழக்கமல்லவா? ஆவுடைநாயகம் யாரையும் கேட்காமல் ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டார். மகளை அம்பாசமுத்திரத்துக்கு அழைத்துப் போவது. பிரசவமான பிறகு அவளை அனுப்பிவிட்டு, தானும் மனைவியும் அங்கேயே இருந்துகொள்வது. திரும்பி வருகிற பேச்சே கிடையாது.

"எம் பேரப்பிள்ள இந்த மண்ணுல பொறக்கக் கூடாது" என்றார்.

கோமதி வயிற்றில் கை வைத்தபடி அவரைப் பார்த்தாள்.

"அப்பா, எனக்குத் தாய் வீடு இதுதான். ஊர்ல இருக்குற அந்த வீட்டுல விருந்தாளியாத்தான் தூங்கியிருக்கேன். இந்த மண்ணு ஆகாதுன்னா, நானும் இதுல பொறந்தவதான? நானும் ஆகாதவளா?"

அவள் புருஷனோடு ஆட்டோவில் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

"அவ வரலன்னா நானும் வரல. நீங்க போயி அந்தப் பூட்டுகூடக் குடும்பம் நடத்துங்க" என்று பிரம்மசக்தியும் சொல்லிவிட்டாள்.

ஆவுடைநாயகம் உலகம்மையிடம் போனார்.

உலகம்மை அவரைவிடப் பத்து வயதாவது இளையவள். அவளும் பாபநாசம் பக்கத்துக்காரிதான். மில் வேலைக்கு வந்த புருஷனோடு வந்தாள். புருஷன் காலமான பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. தமிழர்கள் கட்டிய முருகன் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தாள். காவி கிடையாது, உபதேசம் கிடையாது. சாதாரண நூல்சேலை. மனசு சரியில்லாதவர்கள் அவளிடம் வந்து உட்காருவார்கள். போகும்போது கொஞ்சம் லேசாகப் போவார்கள். ஆவுடைநாயகம் அவளைக் குருவாக வரித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்றைக்கு அறை வாசலில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. உலகம்மை ஒரு பழைய சேலையைக் குட்டிகளின் மேல் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க."

உட்கார்ந்து, டிக்கெட் எடுத்ததையும் மகள் கோபித்துப் போனதையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். இருக்குற மாநிலத்தையே சில பேருக்குப் பிடிக்க மாட்டேங்குதே, அது ஏன்?"

"சில பேருக்கா?"

"சரி, எனக்குத்தான்."

"எத்தன நாளா?"

"வந்த நாள் தொட்டு."

"ஊருக்குப் போனா நல்லாருக்கா?"

அவருக்குப் போன தடவை ஊருக்குப் போனது நினைவுக்கு வந்தது. சந்தை முக்கில் டீ குடிக்கப் போனவர், "இஞ்சி தட்டிப் போட மாட்டீங்களா? எங்க குஜராத்துல டீன்னா எப்பிடி இருக்கும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். கடையே சிரித்தது. அதற்கப்புறம் அங்கே அவர் பெயர் குஜராத்துக்காரர். சித்தப்பா மகன்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

"அங்க போனா நான் குஜராத்துக்காரன்மா. இங்க வந்தா மதராசி. ரெண்டு எடத்துலயும் எம் பேரச் சொல்லிக் கூப்பிட ஆளில்ல" என்றார். "சாயங்காலமானா நெஞ்சப் போட்டு எதுவோ இழுக்கு. ஆத்துத் தண்ணி நெனப்பு வருது. எங்க அம்மை நெனப்பு வருது. உங்களுக்கு ஊர் நெனப்பு வராதாம்மா?"

"வரும். வெளக்கேத்துற நேரத்துக்குத் தவறாம வரும்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"வந்தவங்கள என்ன செய்வோம்? உக்காரச் சொல்லுவேன். கொஞ்ச நேரம் இருந்துட்டு அது பாட்டுக்குப் போயிரும். நான் கூடவே கெளம்பிப் போனதில்ல."

ஆவுடைநாயகத்துக்கு இது போதவில்லை. "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியேம்மா" என்றார்.

உலகம்மை குட்டிகளைப் பார்த்தாள். "ராத்திரி பனி தாங்காதுக இதுக. உங்க வீட்டுல அட்டைப்பெட்டி ஒண்ணு இருக்குமா அண்ணாச்சி?"

இருக்குமாவா! அவர் வீட்டுப் பரணில் வேறு என்ன இருந்தது? வீட்டுக்கு எந்தச் சாமான் வாங்கினாலும் அதன் பெட்டியை அவர் எறியவிட்டதில்லை. டிவி பெட்டி, மிக்ஸி பெட்டி, மேசை ஃபேன் பெட்டி, சுவர்க் கடிகாரத்துப் பெட்டி எல்லாம் பரணில் ஏறிவிடும். உள்ளே அடைத்து வரும் வெள்ளைத் தெர்மக்கோல்கூட அப்படியே இருக்கும். ஊருக்குப் போகும்போது சாமானைப் பத்திரமாகக் கட்ட வேண்டுமே!

"பெட்டி... இருக்குதும்மா" என்று இழுத்தார். "ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சாமானுக்கு உள்ளது. ஒண்ணு கொறஞ்சாலும் கட்டும்போது இடிக்கும். நான் கடையில நல்ல மூங்கில் கூடையா வாங்கித் தாரேனே. கம்பளி வேணும்னாலும் தாரேன்."

"காலிப் பெட்டி போதும் அண்ணாச்சி."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி ஒன்று முனகியது.

உலகம்மை எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "சரி, விடுங்க. ஊருக்குத்தான் கெளம்பியாச்சுல்லா? வாங்க, நானும் வந்து கூடமாடக் கட்டித் தாரேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. குருவே வீட்டுக்கு வந்து மூட்டை கட்டித் தருகிறேன் என்கிறாள்! அப்படியானால் தன் பக்கம்தான் நியாயம் என்று அவருக்குப் பட்டது. உற்சாகமாக நடந்தார்.

வீட்டில் பிரம்மசக்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மதனி, ஒரு ஸ்டூல் போடுங்க. அண்ணாச்சிக்குச் சாமான் கட்டணும்" என்றாள் உலகம்மை.

பிரம்மசக்தியின் முகம் வாடியது. ஸ்டூலைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். உள்ளே அவள் போனில் தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

ஆவுடைநாயகம் ஸ்டூலில் ஏறிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். தூசி கிளம்பி இருவரும் தும்மினார்கள். கூடம் நிறைந்துபோய், நடக்க இடமில்லை.

"முதல்ல எது?"

"மிக்ஸி வைப்போம்மா."

உலகம்மை அடுக்களையிலிருந்து மிக்ஸியை எடுத்து வந்தாள். பெட்டிக்குள் வைத்தாள். போகவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்போதும் போகவில்லை.

"அது வேற மிக்ஸிலா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்தப் பெட்டிக்கு உள்ள மிக்ஸி புகைஞ்சு போயி, கோமு பள்ளிக்கூடம் போறப்பவே பழைய சாமான்காரன்கிட்டப் போட்டாச்சு."

அடுத்தது டிவி பெட்டி. ஆளே படுக்கலாம், அவ்வளவு பெரிது. சுவரில் மாட்டியிருந்த தட்டை டிவியைக் கழற்றி உள்ளே வைத்தால், கடலில் போட்ட பலகையாக ஆடியது. பழைய டிவி என்றைக்குப் போனது என்று ஆவுடைநாயகம் யோசித்துப் பார்த்தார். நினைவில்லை. ஃபேன் பெட்டிக்கு ஃபேன் இல்லை. கடிகாரப் பெட்டிக்குக் கடிகாரம் இல்லை. அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மூடினார். பிறகு திறப்பதை நிறுத்திவிட்டார்.

"இது?" என்றாள் உலகம்மை.

ஓரத்தில் ஒரு பெட்டி. மேலே மூன்று சக்கர சைக்கிளில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும் படம். சாயம் வெளுத்திருந்தது.

"அது கோமு சைக்கிள்" என்றார். "போனஸ் வந்ததும் வாங்கினேன். செவப்புக் கலரு."

"சைக்கிள் எங்க?"

அவர் பெட்டிமேல் இருந்த தூசியைத் துடைத்தார்.

பிரம்மசக்தி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். இத்தனை நாள் சிரித்துச் சிரித்தே கழித்தவள் இப்போது சிரிக்கவில்லை.

"நான் சொல்லுதேன். பிள்ள தெருவுல கொண்டுபோயி ஓட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னா. இவுக விடலம்மா. கீறல் விழும், ஊருக்குப் போயி ஓட்டிக்கிடலாம்னுட்டாக. தெருப் பிள்ளையெல்லாம் வெளிய கெடந்து ஆடும். அவ இந்தக் கூடத்துக்குள்ளயே, இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுத்துக்கு ஓட்டுவா. ஓட்டி முடிச்சதும் இவுக தொடச்சுப் பெட்டியில வச்சுருவாக. பெறவு காலு நீண்டு போச்சு. ஏற முடியல. ஜசோதாபென் பேரனுக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன். புதுசு கணக்கா இருந்துச்சு."

ஆவுடைநாயகம் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அதன் கீழ்ப்பக்கம் சக்கரம் முட்டிய கறுப்புத் தடம் ஒன்று இருந்தது. பலமுறை வெள்ளையடித்தும் அது லேசாகத் தெரிந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். வயசான ஆம்பளை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அம்மை செத்த சேதி வந்தபோதுகூட அவர் அப்படி அழுததில்லை.

உலகம்மை தடுக்கவில்லை. அழுது முடியட்டும் என்று பக்கத்தில் நின்றாள்.

கடைசியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தச் சைக்கிள் பெட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

"குட்டிகளுக்குச் சரியா இருக்கும்மா. அடியில ஒரு சாக்க விரிச்சு வைங்க."

"சரி அண்ணாச்சி."

அவள் வாசல் வரை போய்விட்டாள். அவர் பின்னாலேயே போனார்.

"அம்மா, இப்பவும் சாயங்காலமானா இழுக்கத்தான் செய்யும்."

"இழுக்கட்டும். அது போகாது."

"நான் என்ன செய்யட்டும்? போகவா, இருக்கவா? பிடிக்காத ஊர விட்டுப் போறது தப்பாம்மா?"

உலகம்மை பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"தப்பெல்லாம் இல்ல. ஆனா பிடிக்கலன்னு சொல்லவோ, விட்டுட்டுப் போகவோ, ஒரு ஊருக்கு மொதல்ல வந்து சேந்திருக்கணும்லா? நீங்க இன்னும் வரவே இல்லியே அண்ணாச்சி."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அதே சமயம் ஓர் ஆட்டோ வந்து வாசலில் நின்றது. கோமதி இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். அம்மா போனில் சொன்னதைக் கேட்டுப் பதறி வந்திருந்தாள். கூடமெல்லாம் பெட்டிகள். சுவரில் டிவி இல்லை. சட்டையில் தூசியோடு அப்பா நின்றார்.

அவள் கண்ணில் நீர் முட்டியது.

"என்னப்பா, கெளம்பிட்டீங்களா?"

ஆவுடைநாயகம் மகளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். சாயங்கால வெயிலில் யார் வீட்டுப் பிள்ளைகளோ கத்திக்கொண்டு ஓடின.

"இல்லட்டி" என்றார். "இப்பந்தான் வந்தேன்."