2090-இல் ஒரு கிளார்க்

தாண்டவராயன் தாலுகா ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் கிளார்க். ஓய்வு பெற்றதும் டி.வி.யே கதி என்று கிடந்தார். கொடுங்கோல் அரசாங்கம், தெருவெல்லாம் கேமரா, காணாமல் போகும் ஜனம். தொடர் தொடராகப் பார்த்தார். பிறகு தானும் அப்படி ஒரு நாவல் எழுத உட்கார்ந்துவிட்டார். யார் தடுப்பது?

எழுதச் சொல்லிக்கொடுத்தவர் மெஹருன்னிசா. நாவலாசிரியை. தாண்டவராயனைவிட இருபது வயது இளையவர். ஞாயிறு காலை நூலக மாடியில் வகுப்பு.

அன்று மற்றவர்கள் போன பிறகும் தாண்டவராயன் எழுந்திருக்கவில்லை.

“என்ன சார், வீட்ல சண்டையா?”

“கதையிலதான் டீச்சர். மூணு மாசமா ஒரே பக்கத்துல நிக்கிறேன்.”

கதை இதுதான். வருஷம் 2090. ‘இன்னார் இல்லை’ என்று அரசாங்கம் உத்தரவு அனுப்பும். கிளார்க் மடிப்பைப் பிரிக்காமலே சீல் குத்துவான். அதோடு அந்த ஆள் இல்லை. இப்போது வந்திருக்கும் உத்தரவில் இருப்பது தேன்மொழி. வயது ஏழு.

“அவளைச் சாகவிட மனசு வரலை டீச்சர்.”

“அப்ப கிளார்க் மாட்டேன்னு சொல்லட்டும்.”

“சொன்னா அவனை ஒழிச்சுருவாங்க.”

“யாரு? எழுதுறது நீங்கதானே?”

“அதில்ல. அவன் சொல்லமாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மெஹருன்னிசா ஒரு தாளில் என்னவோ எழுதி நாலாக மடித்தார். நூலக சீலையும் மைப்பெட்டியையும் அவர் பக்கம் தள்ளினார்.

“இதுல ஒரு சீல் போடுங்க சார்.”

மை காய்ந்திருந்தது. தாண்டவராயன் சீலில் வாயை வைத்து ‘ஹா’ என்று ஊதினார். குத்தினார். கொஞ்சமும் கோணாமல் விழுந்தது.

“இப்பப் பிரிங்க.”

பிரித்தார். உள்ளே ‘தேன்மொழி’ என்று எழுதியிருந்தது.

மை ஒட்டிய கட்டைவிரல் பெயரில் பட்டுவிடாமல் தாளைப் பிடித்திருந்தார்.

“பார்த்தீங்களா டீச்சர்? குத்திட்டேன். அவனும் குத்தத்தான் செய்வான். வேற வழியில்ல.”

மெஹருன்னிசா இன்னொரு தாளை மடித்து நீட்டினார்.

“இதுலயும் ஒண்ணு.”

தாண்டவராயன் சீலை எடுத்தார். கீழே வைத்தார். தாளைப் பிரித்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுமே எழுதலையே டீச்சர்?”

“அவனையும் பிரிச்சுப் பார்க்க விடுங்க சார்.”