மலையைக் கூட்டச் சொன்ன மந்திரி

மேகம் வந்து படுத்துத் தூங்குற உசரத்துல ஒரு மலை இருந்துச்சாம், மலையடியில ஒரு ராசா இருந்தாராம். ஒருநாள் ராசா காட்டைப் பாக்கப் போனாரு, போனவரு ஈரச் சருகுல காலை வச்சாரு, வச்சதும் வழுக்கிப் பொத்துன்னு உக்காந்துட்டாரு. சிரிக்காதீங்க, அங்க யாரும் சிரிக்கல. கூட வந்த மந்திரி, "மலை முழுக்கக் குப்பை மகாராசா. அரண்மனை முற்றம் மாதிரி ஆக்கிக் காட்டுறேன்"னாரு. ராசாவும் தலையாட்டிட்டாரு. ஊருல இருந்த விளக்குமாறெல்லாம் மலை ஏறிருச்சு.

கூட்ட வந்தவங்கள்ல சடைச்சின்னு ஒருத்தி. நாவல் மரத்தடியில அவ குனிஞ்சா, சருகுக்குள்ள இருந்து ஒரு குரல். பாத்தா, கட்டைவிரல் நகம் பெருசுக்கு ஒரு தவளை.

"அக்கா, இங்க எங்க முட்டை இருக்கு. நான்தான் காவல். கூட்டிராதே."

"குளத்துல போடுறதுதானே? ஊருத் தவளை எல்லாம் அப்படித்தானே போடுது."

"எங்க கூட்டத்துக்குக் குளம் ஆகாதுக்கா. சருகுதான் தொட்டில். வெயில் பட்டா முட்டை காஞ்சுரும்."

"கூட்டலேன்னா கூலி கிடையாது. எம் புள்ளைங்களும் காயும்"னா சடைச்சி. ஆனாலும் அந்த இடத்தை விட்டுட்டு நகந்துட்டா.

கிழக்குச் சரிவைக் கூட்டினாங்க, அங்க தவளைச் சத்தம் அடங்கிப்போச்சு. அப்புறம் மேக்குச் சரிவைக் கூட்டினாங்க, அங்கயும் அடங்கிப்போச்சு. அப்புறம் உச்சியைக் கூட்டினாங்க, அங்கயும் அடங்கிப்போச்சு. நாவல் மரத்தடித் தவளை மட்டும் ட்ரிக் ட்ரிக்னு கூப்பிடும், கொஞ்சம் காத்திருக்கும், மறுபடி கூப்பிடும். பதில் சொல்ல ஒரு உசிரு இல்ல. அதைக் கேட்ட சடைச்சிக்குச் சோறு இறங்கல.

மறுநாள் அவ மரத்தடியில ஒரு கல்லை நட்டா, மஞ்சள் பூசினா, சிவப்புத் துணி சுத்தினா. மந்திரி வந்து, "ஏண்டி, இங்க மட்டும் ஏன் கூட்டல?"ன்னாரு.

"சருகம்மன் இருக்கா சாமி. விளக்குமாறு பட்டாக் கைகால் விளங்காதாம். நீங்க வேணாக் கூட்டிப் பாருங்க."

மந்திரி செருப்பைக் கழட்டி, கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் மழை வந்துச்சு. வெறுந்தரையில அதுக்கு நிக்க இடமில்ல, மண்ணையும் இழுத்துக்கிட்டு ஓடிருச்சு. அப்புறம் வெயில் வந்துச்சு, ஓடை வத்துச்சு, அரண்மனைக் கிணறும் வத்துச்சு. ராசாவே மந்திரியைக் கூட்டிக்கிட்டுத் தண்ணி தேடி மலை ஏறினாரு. எங்க தொட்டாலும் புழுதி. அப்பத்தான் ட்ரிக் ட்ரிக்னு கேட்டுச்சு. சத்தம் வந்த பக்கம் போயிச் சருகை விலக்கினா, கை நனையுது. வேரடியில ஊத்துக் கசியுது. குடிச்சாரு, குடிச்சாரு, மூச்சு வாங்கிட்டு மறுபடி குடிச்சாரு.

"இது எந்தச் சாமி?"ன்னு மஞ்சள் பூசின கல்லைக் காட்டிக் கேட்டாரு ராசா.

மரத்தடிக்குக் காவலா உக்காந்திருந்த சடைச்சி எந்திரிச்சு முன்னால வந்தா. "சாமி இல்லீங்க ராசா, பொய் சொன்னேன். தவளைதான். குஞ்சு பொரிச்சிருக்கு, கொஞ்சம் காலை ஓரமா வைங்க."

ராசா காலை மெல்ல எடுத்தாரு. மந்திரியைப் பாத்தாரு. "தலையாட்டினது என் தப்பு. கூட்டினது உன் வேலை. சருகை எல்லாம் உன் தலையிலயே சுமந்து கொண்டாந்து போடு. நீ அடக்கின இடத்துல எல்லாம் தவளை கத்தின பிறகு இறங்கி வா."

"சருகை எப்படியும் போட்டுருவேன் மகாராசா. தவளை எப்பக் கத்தும்?"

"அதுங்களைக் கேளு."

மந்திரி சுமந்தாரு, சுமந்தாரு, முதுகு வளையச் சுமந்தாரு. சுமந்து முடிச்சு உக்காந்திருக்காரு. பேசினாத் தவளை அடங்கிருமேன்னு வாயைத் திறக்கறதில்லையாம். கிழக்குச் சரிவுல இப்ப ஒண்ணு கத்துதாம், உச்சியிலயும் ஒண்ணு கத்துதாம். மேக்குல இன்னும் இல்ல.

கதை சருகுக்குள்ள போச்சு, கேட்ட கண்ணெல்லாம் மூடியாச்சு. காதை மட்டும் திறந்து வச்சுக்கிட்டுப் படுங்க, மேக்கால ஏதாவது கத்துதான்னு.