அன்று எரியாத அடுப்பு

டங், டங், டங். இரும்புச் சட்டியின் விளிம்பில் இடுக்கி மூன்று முறை தட்டும் சத்தம். சிட்டம்மாள் வீட்டு அடுப்பு அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும், யாராவது பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைத்தால்கூட சாம்பலுக்குள் அதன் உடம்பு ஒடுங்கிப்போகும்.

அந்த ராஜ்யம் மிகச் சிறியது. ஒரு அரண்மனை, நாற்பத்திரண்டு வீடுகள், ஒரு ஆறு, அவ்வளவுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மனிதர்கள் இருந்தார்கள். அவர்களை இந்தக் கரையில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அக்கரைக்காரர்கள் என்பார்கள்.

ஒரு நாள் ராஜா, அக்கரைக்காரர்கள் ஆற்றைத் திருப்பிவிடுகிறார்கள், படை கிளம்ப வேண்டும் என்று அறிவித்தார்.

படை கிளம்புவதற்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. கல்லைத் தட்டி எடுத்த நெருப்பைப் படை கொண்டுபோகக் கூடாது. வீட்டு அடுப்புகளின் தணல்தான் போக வேண்டும். தணற்சட்டி வாசல் வாசலாக வரும். வீட்டுக்கு ஒரு கங்கு போடுவார்கள். இஷ்டமில்லாத வீடு, "அடுப்பு எரியலை" என்று சொல்லலாம். அடிக்க மாட்டார்கள், பிடிக்க மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்ன வீட்டில் அன்று முழுக்க நிஜமாகவே அடுப்பு எரியக் கூடாது. பத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் ராஜாவே ஆனாலும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நாள் பழைய சோறு. ஒரு போரைத் தடுக்க அந்த ஊர் கொடுக்க வேண்டியிருந்தது அவ்வளவே.

அறிவிப்பு வந்த சாயங்காலம் சிட்டம்மாள் வீட்டுக் குடம் மெல்லச் சொன்னது, தான் அன்றைக்கும் கழுத்து வரை நிறைந்துதான் வந்ததாக. ஆறு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லையாம். சிட்டம்மாள் குடத்தின் வாயைத் தட்டால் மூடினாள்.

அவள் அடுப்புக்கும் பக்கத்து வீட்டுக் காத்தாயியின் அடுப்புக்கும் நடுவே ஒரே சுவர். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு அடுப்புகள். ஒன்று எரிந்தால் மற்றொன்றுக்குக் கதகதப்பு. அந்தச் சுவர் வழியாகத்தான் அவை பேசிக்கொள்ளும்.

"அக்கா, நாளைக்கு நீ எரிவியா?" என்று சிட்டம்மாளின் அடுப்பு கேட்டது.

"குடம் நிறைஞ்சு வருது. அப்புறம் எதுக்கு எரியணும்?"

"மத்தவங்க எல்லாம் எரியப் போறாங்களே."

"கேட்டியா?"

"கேக்கலை. புகை சொல்லிச்சு."

புகைக்கு எல்லாக் கூரையும் பழக்கம். தலையாரி வீட்டில் விறகு பிளக்கிறார்கள் என்று அன்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. அதைக் கேட்டு மற்ற வீடுகளிலும் விறகு பிளந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, தலையாரி வீட்டில் இன்னும் கொஞ்சம் பிளந்தார்கள்.

விடிந்தது. வெகுநேரம் எந்தக் கூரையிலும் புகை இல்லை. பெண்கள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் வாசலில் நின்று அண்டை வீட்டுக் கூரையைப் பார்த்தார்கள். பார்ப்பதை யாராவது பார்த்தால் உள்ளே போனார்கள். சிட்டம்மாளும் விறகை அடுக்கிவிட்டு நெருப்பு வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். எதிர் வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. இடுக்கில் ஒரு கண். யார் கண் என்று தெரியவில்லை. அது போதும். அவள் குனிந்து நெருப்பு வைத்து ஊதினாள். அடுப்பு, வேண்டாம் என்று ஒரு முறை புகைந்து பார்த்தது. அவள் மறுபடி ஊதினாள். பற்றிக்கொண்டது.

டங், டங், டங்.

சிட்டம்மாள் சின்னக் கங்காகப் பொறுக்கி எடுத்துப் போட்டாள். தணற்சட்டி தன் வயிற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, பிச்சையா போடுறே? பெரிசாப் போடு, ஊரே பாக்குது" என்றது. ஊரே பார்த்தது. அவள் உள்ளே போய்ப் பெரியதாக ஒன்றை எடுத்து வந்தாள்.

அடுத்த வாசலில் மூன்று தட்டு. காத்தாயி பழைய சோற்றுக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அடுப்பு எரியலை."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள் காத்தாயி. பச்சை மிளகாயை ஒரு கடி கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று பகல் முழுக்கச் சிட்டம்மாளின் அடுப்புக்கு முதுகு சில்லென்று இருந்தது.

படை நாலாம் நாள் திரும்பி வந்தது. பாட்டும் கூத்துமாகத்தான் வந்தது. ஆனால் ஆட்களின் தலைமயிரில் கருகிய கூரையின் வாடை. அக்கரையில் ஆற்றைத் திருப்பிய வாய்க்கால் எங்கேயும் இல்லை என்பதை யாரும் கேட்காமலே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். ராஜா வடக்கே தீர்த்த யாத்திரை புறப்பட்டார். திரும்பி வரும் தேதி சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அக்கரையிலிருந்து ஒருத்தி ஓடத்தில் வந்து இறங்கினாள். பெயர் பேச்சி. கரிந்துபோன நிலைக்கட்டை ஒன்றைத் தோளில் சுமந்து வந்து தெரு நடுவில் போட்டாள். அவள் வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஆற்றின் இரண்டு கரைக்கும் ஒரே சட்டம் ஒன்று இருந்தது. ஒரு வீட்டு நெருப்பு இன்னொரு வீட்டை எரித்தால், நெருப்புத் தந்த வீட்டு அடுப்பை உடைக்க வேண்டும். அந்த வீட்டார் போய் எரிந்த வீட்டைக் கட்டித் தர வேண்டும்.

"என் வீட்டை எரிச்சது யார் வீட்டு நெருப்பு?" என்று பேச்சி கேட்டாள். "அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

ராஜா இல்லாததால் தலையாரி விசாரித்தார். அடுப்புகள் இடம் விட்டு வர முடியாதவை என்பதால் எல்லா வீட்டுக் கதவையும் திறந்து வைத்தார்கள். தீப்பந்தத்தைக் கூப்பிட்டார்கள். நான் வெறும் துணியும் எண்ணெயும், நெருப்பு என்னுடையதல்ல என்றது அது. தணற்சட்டியைக் கூப்பிட்டார்கள். நான் சுமந்தேன், அவ்வளவுதான் என்றது. யாருடைய கங்கு பந்தத்துக்குப் போயிற்று என்று கேட்டதற்கு, "என் வயித்துக்குள்ள போனா ஒரு கூப்பிடு தூரத்துலயே எல்லாம் ஒரே நெருப்பாயிடும், சாமி" என்றது.

அப்படியானால் நாற்பத்தொரு அடுப்பையும் உடைக்க வேண்டும். தெருவில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

ஒரு அடுப்பு, தன் கங்கு படைக்குக் கஞ்சி காய்ச்சத்தான் போயிற்று என்றது. குளிர்காயப் போயிற்று என்றது இன்னொன்று. தலையாரி வீட்டு அடுப்பு கொஞ்சம் அழுகையாகவே, "நிஜத்தைச் சொன்னா, எரிய வேண்டாம்னுதான் நான் நினைச்சேன். உங்க புகையைப் பாத்துட்டுத்தான்..." என்று இழுத்தது.

"நானும்தான்" என்றது ஒன்று. இன்னொன்றும் சொன்னது. அப்படிப் பதினோரு அடுப்புகள் சொல்லி முடித்தன. பத்து இருந்தால் போதும் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

அந்த நினைப்பு நீடிக்கவில்லை. அப்படியானால் முதலில் எரிந்தது யார் என்று கேள்வி எழுந்தது. நீ, இல்லை நீ. உன் கூரையில்தான் முதல் புகை. உன் வீட்டுப் பெண்தான் கதவிடுக்கில் பார்த்தவள். முப்பது வருஷம் மிளகும் உப்பும் மாற்றிக்கொண்ட வீடுகள் ஒன்றை ஒன்று முறைத்தன. யாரைப் பார்த்தாலும் குற்றவாளி மாதிரியே இருந்தது.

அப்போதுதான் தலையாரி வீட்டு அடுப்பு குரலைத் தாழ்த்தியது.

"நாமெல்லாம் நாலு பேர் பாக்க, வாசல்ல வெச்சுக் கொடுத்தோம். நம்ம நெருப்புல ஒளிவு மறைவு இல்லை. கொடுக்காத ஒருத்தி இருக்காளே, அவ நெருப்பு அன்னைக்கு எங்கே போச்சு? யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. இல்லாத ஒன்றை எப்படிப் பார்ப்பது? ஆனால் அந்தக் கேள்வி எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவள் மட்டும் ஏன் ஒதுங்கினாள்? ஏதோ தெரிந்துதானே ஒதுங்கினாள்? எரியவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே எரித்திருந்தால்?

"நான் அன்னைக்கு எரியலை" என்றது காத்தாயியின் அடுப்பு.

புகையைக் கேட்டார்கள். அன்று ஊர் முழுக்கத் தானே நிறைந்திருந்ததால் யார் கூரையில் இல்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றது புகை. அது எப்போதும் அப்படித்தான்.

பிறகு தலையாரி சிட்டம்மாள் வாசலுக்கு வந்தார். பேச்சியும் கூடவே வந்து நின்றாள்.

"ஒரே சுவர். அந்தப் பக்கம் எரிஞ்சா உனக்குச் சூடு தெரியும். அன்னைக்குச் சுவர் எப்படி இருந்துச்சு?"

சிட்டம்மாளின் அடுப்பு உள்ளே பார்த்தது. அடுக்களை ஓரத்தில் சிட்டம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண், வாயைத் திறக்காதே என்றது. சில்லென்று இருந்தது என்று சொன்னால் வழக்கு மறுபடி நாற்பத்தொரு வீட்டுக்கும் வரும். தன்னையும் கடப்பாரையால் இடிப்பார்கள். சிட்டம்மாளும் அக்கரைக்குப் போய் மண் மிதிக்க வேண்டும். சொல்லாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது மட்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மூச்சுக் காட்டாமல் இருந்தது. கெஞ்சவில்லை.

"என் சூட்டுல எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றது சிட்டம்மாளின் அடுப்பு.

தலையாரி தலையை ஆட்டினார். தெரு முழுக்க ஒரு பெருமூச்சு இறங்கியது.

கடப்பாரையை எடுத்து வந்தது யார் என்று பிறகு யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. காத்தாயியின் அடுப்புக்கு மூன்று போடு போதுமாக இருந்தது. அன்று மதியம் நாற்பத்தொரு கூரையிலும் ஒரே நேரத்தில் புகை எழுந்தது. ஊருக்கு நல்ல பசி.

பேச்சி அந்தப் புகையை ஒவ்வொரு கூரையாக நின்று பார்த்தாள். கட்டித் தரும் ஆளைக் கூட்டிப் போகலாம், உங்களுக்குத் திருப்திதானே என்று தலையாரி கேட்டார்.

"யார் வீட்டு நெருப்புன்னு கேட்டு வந்தேன்" என்றாள் பேச்சி. "தெரிஞ்சுடுச்சு."

அவள் நிலைக்கட்டையின் ஒரு முனையைப் பிடிக்க, காத்தாயி மறு முனையைப் பிடித்தாள். இருவரும் ஓடத்தில் ஏறினார்கள்.

காத்தாயி அக்கரையில் எரிந்துபோன வீடுகளில் பதினொன்றைக் கட்டினாள். பன்னிரண்டாவது வீட்டுக்குச் சுவர் எழுப்பும்போது பாம்பு கடித்து இறந்தாள். அவளை அங்கேயே புதைத்தார்கள்.