ராஜாவுக்குக் கட்டிய திரை

தன் கண்ணில் படாத பலம் பலமே இல்லை என்று நினைக்கிற ராஜா ஒருவர் இருந்தார். அவர் ஊரின் ஏரி ஒருநாள் உடைத்துக்கொண்டது. உடைப்பை அடைக்க ஒரு பாறையைப் பத்து மல்லர்கள் வடம் கட்டி இழுத்தார்கள்.

"எவன் பலசாலியோ அவனுக்கே இந்தத் தங்கக் காப்பு!" என்று கரைமேல் பந்தலில் இருந்து ராஜா கத்தக் கத்த, ஒவ்வொருவனும் அவர் முகத்தைப் பார்த்தபடி தனித்தனியே தம் கட்டினான். பாறை அசையவேயில்லை.

மோர் ஊற்ற வந்த வெள்ளச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறாயா? நீ நகர்த்து பார்ப்போம். நகராவிட்டால் உன் தலை போகும்!"

"சரிங்க மகாராஜா. உங்களைச் சுத்தி ஒரு திரை கட்டச் சொல்லுங்க, போதும்."

திரை கட்டினார்கள். பார்க்க ராஜாவின் முகம் இல்லாததால் மல்லர்கள் திரும்பினார்கள். கீழே அவர்கள் தெருவுக்குள் வெள்ளம் புகுந்துகொண்டிருந்தது. கூரைமேல் அவர்கள் பிள்ளைகள்.

ஒருவன் "ஏலேலோ!" என்றான். ஒன்பது குரல்கள் "ஐலசா!" என்றன. தரை அதிர்ந்தது. வெள்ளச்சிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ராஜா திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். உடைப்பில் பாறை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"யார் அந்தப் பலசாலி?" அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "காப்பை யாருக்குப் போடுவது?"

வெள்ளச்சி மோர்ப்பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"அது இழுத்தவங்களுக்கே தெரியாதுங்க, மகாராஜா."