கலியமூர்த்தியின் வேட்டி

"இனிமே இந்த ஊர்ல தலை காட்ட முடியாதும்மா. காசிக்குப் போறேன்" என்றார் கலியமூர்த்தி. தோளில் மூட்டை இருந்தது.

மடத்துத் தலைவி மங்கையர்க்கரசி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கலியமூர்த்தியைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் போல அவருக்கும் அம்மாதான், பதினோரு வருஷமாகக் குருவும்கூட.

நடந்தது இதுதான். முந்தின நாள் மடத்தில் மாதக் கூட்டம். கலியமூர்த்தி பேசினார். தலைப்பு, பற்றறுத்தல். இருநூறு பேர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சின் உச்சத்தில் இரண்டு கைகளையும் தூக்கி, எதையும் பிடித்துவைக்காதீர்கள், விட்டுவிடுங்கள் என்று முழங்கினார்.

வேட்டி விட்டுவிட்டது.

கோவணம் இருந்தது. இருந்து என்ன? கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரைமேல் இருந்த புறாக்கள் பறந்துபோயின. முன்வரிசையில் அவருடைய சம்பந்தி வேறு உட்கார்ந்திருந்தார்.

"செத்துப்போயிடலாம்னு இருந்துச்சும்மா."

"வேட்டி அவிழ்ந்ததாலயா?"

"ஆமா."

"அப்படின்னா குளத்தங்கரையில தினமும் காலையில நீங்க செத்திருக்கணுமே."

கலியமூர்த்தி யோசித்தார். குளத்தில் அவிழ்ப்பது வேறு, அங்கே யாரும் சிரிப்பதில்லை, நேற்று சிரித்தார்கள், அந்தச் சிரிப்புதான் தன்னைக் கொன்றுவிட்டது என்றார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். காலையில் ஏதாவது சாப்பிட்டாரா என்று விசாரித்தார். ஆறு இட்லி என்றார் கலியமூர்த்தி, சற்றுத் தயங்கி.

"அவங்க சிரிச்சாங்க. சரி. அப்போ நீங்க உங்க மனசுக்குள்ள என்ன சொல்லிக்கிட்டீங்க?"



"என்னைப் பார்த்து யாரும், எப்பவும், சிரிக்கவே கூடாதுன்னு."

"யார் போட்ட சட்டம் அது?"

கலியமூர்த்தி மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை, மலைக்குக் கீழே ஊரில் சந்தை. அங்கே போய்ப் பத்துப் பேரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வரச் சொன்னார் அம்மா. அதற்குப் பிறகு தாராளமாகக் காசிக்குப் போகலாம்.

காசிக்கு நடந்தே போவது இதைவிடச் சுலபம் என்று தோன்றியது. இருந்தாலும் குருவின் சொல். மலைப்படிகளில் இறங்கினார்.

முதலில் புளிக்காரர். கலியமூர்த்தி ஒருவழியாக முணுமுணுத்து முடித்தபோது, கொட்டை எடுத்ததா, எடுக்காததா என்று கேட்டார் அவர். சாணைபிடிப்பவருக்குச் சக்கரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கத்தியைக் கொடுங்கள் என்று கை நீட்டினார்.

வளையல்காரம்மா முழுக்கக் கேட்டாள். தன் கல்யாணத்தன்று தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் வேட்டியும் இப்படித்தான் போயிற்று என்று சொல்லிச் சிரித்தாள். கலியமூர்த்தியும் சிரித்துவிட்டார். பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது.

மாட்டுத் தரகர் ஒருத்தர்தான் பொல்லாதவர். இந்த லட்சணத்தில் உபதேசம் வேறயா என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். கலியமூர்த்திக்குக் காது சுட்டது. உயிர் போகிறதா பார்க்கலாம் என்று அங்கேயே நின்றார். காது கொஞ்ச நேரம் சுட்டது, பிறகு ஆறியது. பசித்தது. இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றார்.

ஏழாவது ஆளிடம் கைகளைத் தூக்கிக் காட்டியே சொன்னார். ஒன்பதாவது ஆளிடம் சம்பந்தியின் முகம் போன போக்கையும் நடித்துக் காட்டினார்.

அவர் மேலே ஏறி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"பத்துப் பேர்கிட்டயும் சொன்னீங்களா?"

"சொன்னேம்மா."

"எத்தனை பேர் சிரிச்சாங்க?"

"ஆறு பேர்."

அம்மா வாளியைக் கீழே வைத்தார். "அப்போ எப்போ கிளம்பறீங்க?"

"கொஞ்சம் பொறுங்கம்மா. மீதி நாலு பேருக்கு நான் சரியாச் சொல்லல. அடுத்த சந்தைக்குப் போயி இன்னொரு தடவை சொல்லிட்டு வந்துடறேன்."