ஜின்மேயின் எடை

சீனத்து ஆற்றோரச் சிற்றூர் அது. இலையுதிர் காலம் பிறக்கும் நாளில் அரிசிக்கடைப் பெரிய தராசில் ஊரே ஏறி எடை பார்க்கும். கோடையில் இளைத்தவர் வீட்டில் அன்றைக்கே இறைச்சி கொதிக்க வேண்டும். அது வழக்கம்.

அந்த வருஷம் ஜின்மேய் ஏறியதும், எடை குறைந்திருப்பதைப் பார்த்துக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஊர் வாய் சும்மா இருக்குமா?

"வைத்தியம் படிக்கிறவர் வீட்டிலேயே இப்படியா!"

அவள் புருஷன் லியாங்குக்கு முகம் செத்துவிட்டது. தன் வயதில் பாதிகூட இல்லாத பெண் வைத்தியர் ருயியிடம் சீடராகச் சேர்ந்து மருந்து இடிக்கிறவர் அவர். அதற்குமுன் படகோட்டி. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

பன்றி இறைச்சியை, உடம்பைத் தேற்றும் ஜின்செங் வேரோடு வேகவைத்து மனைவிக்கு ஊட்டினார். வாந்தி எடுத்தாள். மறுநாளும் விடாமல் ஊட்டினார். மறுபடி அதே கதைதான். அதற்கப்புறம் அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை.

லியாங் வைத்தியசாலைக்கு ஓடினார்.

"அம்மா, இதைவிட வீரியமான வேர் கொடுங்க. குளிர் வர்றதுக்குள்ள அவளைத் தேத்தியே ஆகணும். நான் விடமாட்டேன்."

"விட வேண்டாம். வாங்க, போய்ப் பார்ப்போம்," என்றார் ருயி.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பேருக்குத்தான் இலையுதிர் காலம்.

வீட்டில் ருயி ஜின்மேயின் நாக்கைப் பார்த்தார். மாவு பூசினாற்போல் வெள்ளை படிந்திருந்தது. நாடி பிடித்தார்.

"கோடைப் புழுக்கம் இன்னும் வயித்தை விட்டுப் போகல," என்றார்.

வேர் எதையும் எடுக்கவில்லை. ஒரு கைப்பிடி அரிசியைக் குழையவிட்டு, கஞ்சித் தண்ணீரை வடித்தார். மிச்சமிருந்த இறைச்சிக் கிண்ணத்தை லியாங் முன்னால் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க."

"நானா? இவ இப்படிக் கிடக்கும்போதா?"

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

லியாங்குக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார், மென்றுகொண்டே இருந்தார். தொண்டைக்குக் கீழே இறங்குவேனா என்றது.

"முடியலம்மா. பயமா இருக்கு. இவ என்னை விட்டுப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு."

துண்டைத் துப்பிவிட்டு, அத்தனை பெரிய மனுஷன் விசும்பி அழுதார்.

படுக்கையிலிருந்து ஜின்மேயின் குரல் மெல்ல வந்தது. "எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? உங்க பயம் தீரட்டும்னுதான் விழுங்கினேன்."

ருயி கரண்டியை லியாங் கையில் கொடுத்தார்.

அவர் ஊட்ட, ஜின்மேய்க்கு ஒரு வாய் கஞ்சித் தண்ணீர் உள்ளே போனது. காத்திருந்தார்கள். வெளியே வரவில்லை.

அவ்வளவுதான், லியாங் பழையபடி துள்ள ஆரம்பித்துவிட்டார். "ஆனா இது வெறும் தண்ணியாச்சே அம்மா! இதைக் குடிச்சு எப்ப எடை ஏறும்? இறைச்சி எப்ப கொடுக்கலாம்? குளிர் வந்துட்டா என்ன செய்யறது?"

"லியாங் ஐயா, பேச்சை நிறுத்துங்க," என்றார் ருயி. "அவங்க வாயைத் திறந்துகிட்டுக் காத்திருக்காங்க."